புள்ளி எட்டுப் பிள்ளை

நாற்பது பேருக்கான பெட்டிகள் நாலு பேர் படிக்கிற பள்ளிக்கு வந்து இறங்கின. இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிய லாரிக்காரர் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மிச்சப் பிள்ளைங்க எங்க டீச்சர்?"

"மிச்சம்னு யாரும் இல்லைங்க. இவ்வளவுதான்."

அவர் பெட்டிகளையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ஆளுக்குப் பத்து பை," என்று கணக்கை முடித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு மலை இறங்கிப் போனார்.

பள்ளி இருந்தது மலைமேல், நீரேற்று நிலையத்தின் பின்புறம். ஆற்றுத் தண்ணீரை மேலே ஏற்றி மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்கு அனுப்புகிற நிலையம் அது. நாலு பெரிய மோட்டார்கள், அவற்றைப் பார்த்துக்கொள்ளப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். முன்பு குழாய்க் கிடங்காக இருந்த ஓர் அறைதான் வகுப்பறை. ‘இங்கே வால்வு வைக்கக் கூடாது’ என்று சுவரில் சிவப்பு எழுத்தில் இன்னும் இருந்தது. அதற்குக் கீழே டீச்சர் தன் நாற்காலியைப் போட்டிருந்தாள்.

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான். தலைமையாசிரியையும் அவளே. மோட்டார் ஆபரேட்டரின் பெண்கள் இரண்டு பேர் படித்தார்கள். ஐந்தாவது படித்தவளை எல்லாரும் அக்கா என்றார்கள், இரண்டாவது படித்தவளைத் தங்கை என்றார்கள். எலெக்ட்ரீஷியன் மகன் மூன்றாவது. வாயைத் திறந்தால் கேள்விதான் வரும் என்பதால் அவன் பெயரே கேள்வி ஆகிவிட்டது. ஒன்றாவதில் இருந்த வாட்ச்மேன் மகன் வாயையே திறக்க மாட்டான். அவனுக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். அதற்கு அவன் எந்த ஆட்சேபமும் தெரிவித்ததில்லை.

பெட்டிகள் வந்து சேர்ந்த மறுவாரம் டீச்சரைப் பயிற்சிக்கு அழைத்தார்கள். அவள் பிள்ளைகளுக்கு மூன்று நாள் வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு மலை இறங்கினாள்.

பெட்டிகளை அனுப்பிய கல்வித் திட்டத்துக்கு ‘ஒரே சீர்’ என்று பெயர். பயிற்சி மண்டபத்தில் முந்நூறு ஆசிரியர்கள் இருந்தார்கள். முந்நூறு பேருக்கும் ஒரே அளவில் சட்டை கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். டீச்சருக்கு விரல் நுனி வெளியே தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உடற்பயிற்சி ஆசிரியருக்குத் தொப்புள் வெளியே தெரிந்தது. அவர் இரண்டு கையாலும் அதை மறைத்துக்கொண்டு மூன்று நாளும் குறிப்பு எடுக்காமலே பயிற்சி பெற்றார்.

முதல் நாள் இயக்குநர் பேசினார். நல்ல கம்பீரமான குரல்.

"ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது. இதை நான் முழு மனதோடு நம்புகிறேன். அந்தத் தனித்துவத்தை நாடு முழுவதும் ஒரே மாதிரியாகக் கொண்டுவர வேண்டும் என்பதே நம் திட்டத்தின் உயிர்நாடி," என்றார்.

கைதட்டினார்கள். டீச்சரின் கைதட்டல் சட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"சிலர் என்னைக் கேட்கிறார்கள், நீங்கள் என்றைக்காவது ஒரு வகுப்பறைக்குள் போயிருக்கிறீர்களா என்று. இல்லை. பெருமையோடு சொல்கிறேன், முப்பது வருடப் பணியில் ஒரு நாள்கூடப் போனதில்லை. போனால் பிள்ளைகளின் முகம் தெரிந்துவிடும். முகம் தெரிந்தால் பாரபட்சம் வந்துவிடும்."

பிறகு விகிதத்துக்கு வந்தார். எந்த வகுப்பை எடுத்தாலும் நூற்றுக்குப் பத்து பேர் சிறப்பாகக் கற்போர், எழுபது பேர் நடுத்தரமாகக் கற்போர், இருபது பேர் மெல்லக் கற்போர். "இதை நாங்கள் ஆராய்ந்து கண்டுபிடிக்கவில்லை. தீர்மானித்தோம். ஆராய்ந்திருந்தால் ஊருக்கு ஊர் மாறியிருக்கும்."

டீச்சர் கையைத் தூக்கினாள். சட்டைக் கை மட்டும் மேலே போய் ஆடியது.

"எங்க பள்ளியில நாலு பேர்தான் படிக்கிறாங்க சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, பரிவோடுதான் பார்த்தார். "இந்த நாலை எப்போது திருத்தப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

அவளுடைய வட்டாரத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். ஒல்லியான மனிதர், தோளில் எப்போதும் ஒரு கனமான பை. அவர் பின்வரிசையிலிருந்து எழுந்து, "திருத்திடறோம் சார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு எதைத் திருத்துவது என்று தெரியாது. இருபத்தாறு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பிய டீச்சர் பெட்டியில் வந்திருந்த கைக்கணினியைத் திறந்தாள். மாணவர் எண்ணிக்கை என்று கேட்டது. நாலு என்று போட்டாள். அது தானாகவே கணக்குப் பண்ணிக் கட்டங்களை விரித்தது. சிறப்பாகக் கற்போர் புள்ளி நாலு. நடுத்தரம் இரண்டு புள்ளி எட்டு. மெல்லக் கற்போர் புள்ளி எட்டு.

புள்ளி எட்டை அடித்துவிட்டு ஒன்று என்று போட்டுப் பார்த்தாள். திரை சிவந்தது. ‘மெல்லக் கற்போர் மிகை. காரணம்: ஆசிரியரின் திறமைக் குறைவு.’ சரி என்று பூஜ்யம் போட்டாள். மறுபடியும் சிவந்தது. ‘மெல்லக் கற்போர் இல்லை. காரணம்: ஆசிரியரின் நேர்மைக் குறைவு.’ புள்ளி எட்டையே திரும்பப் போட்டதும் பச்சை விளக்கு எரிந்து, அடுத்த பக்கம் வந்தது. ‘மேற்படி மாணவரின் பெயரை எழுதவும்.’

மேற்பார்வையாளருக்கு போன் பண்ணினாள்.

"சார், புள்ளி எட்டுப் பிள்ளைன்னா பேரு எப்படி எழுதறது?"

"முழுசா ஒரு பிள்ளையை எழுதுங்கம்மா. எழுதிட்டுக் கொஞ்சத்தை விட்டுடுங்க."

"எதை விடறது சார்?"

அவர் யோசித்தார். "இனிஷியலை விடுங்க."

இனிஷியலை விட்டாள். ‘பெயர் முழுமையாக இல்லை’ என்று திரை சிவந்தது.

"சார், ஏத்துக்க மாட்டேங்குது. இதை அப்படியே விட்டுட்டா என்ன ஆகும்?"

"விடக் கூடாதும்மா." அவர் குரல் இறங்கியது. "மாசக் கடைசிக்குள்ள பச்சை விளக்கு எரியாத பள்ளி எல்லாம் இணைப்புப் பட்டியலுக்குப் போயிடும். உங்களைக் கீழ் ஊர் பெரிய பள்ளியோட சேர்த்துடுவாங்க. என் கையில எதுவும் இல்ல."

கீழ் ஊர் பதினாலு கிலோமீட்டர். பஸ் காலை ஐந்தே முக்காலுக்கு ஒன்று. அதை விட்டால் மத்தியானம்தான். அந்தப் பஸ்ஸைப் பிடிக்க உம்மணாமூஞ்சி நாலரைக்கே எழுந்திருக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை. அக்காவைப் போகச் சொன்னாலும் தங்கையை அவளோடு அனுப்ப ஆபரேட்டர் சம்மதிக்க மாட்டார். தங்கை போகாவிட்டால் அக்காவும் போக மாட்டாள். டீச்சர் எல்லாரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். நாலு பேர்தான் என்பதால் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒருத்தர்கூட அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை.

மறுநாள் கரும்பலகையில் புள்ளி எட்டு என்று எழுதி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன டீச்சர்?" என்றான் கேள்வி.

"உங்க நாலு பேர்ல மெல்லப் படிக்கிறவங்க எத்தனை பேர்னு கேட்டிருக்காங்க. முழுசா ஒருத்தர் இருக்கக் கூடாதாம். யாரும் இல்லாமலும் இருக்கக் கூடாதாம்."

"ஏன் இருக்கக் கூடாது? யாரு சொன்னா? அவங்க எங்களைப் பார்த்திருக்காங்களா? பார்க்காம எப்படிச் சொன்னாங்க?"

கேள்வியின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கென்று டீச்சர் தினமும் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தாள். அன்றைய பதினைந்து நிமிடம் ஏற்கெனவே தீர்ந்திருந்தது.

அக்கா பலகையைப் பார்த்தபடி விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். "முறை வச்சுக்கலாமே டீச்சர்," என்றாள். "வீட்டுல ஒரே சைக்கிள். நானும் இவளும் முறை வச்சுத்தான் ஓட்டுறோம். அப்படிப் பார்த்தா எனக்கு அரை சைக்கிள்தானே?"

டீச்சர் எழுந்து பலகைக்குப் போனாள். வாரத்துக்கு ஐந்து நாள், நாலு பிள்ளைகள், ஆக மொத்தம் இருபது நாள். அதில் நூற்றுக்கு இருபது என்றால் நாலு நாள், ஆளுக்கு ஒரு நாள் மெல்ல. நூற்றுக்குப் பத்து என்றால் இரண்டு நாள், ஆளுக்கு அரை நாள் சிறப்பு. மிச்சம் ஆளுக்கு மூன்றரை நாள் நடு. இம்மி பிசகவில்லை. நாலு பெயரையும் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மெல்ல புள்ளி இரண்டு, சிறப்பு புள்ளி ஒன்று, நடு புள்ளி ஏழு என்று போட்டாள். கைக்கணினி சற்று நேரம் சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது.

அட்டவணை சுவரில் ஏறியது. திங்கட்கிழமை தங்கை மெல்ல, செவ்வாய் கேள்வி, புதன் அக்கா, வியாழன் உம்மணாமூஞ்சி. வெள்ளியன்று யாரும் மெல்ல இல்லை. சிறப்பை அரை அரை நாளாகப் பிரித்து அங்கங்கே சொருகினாள்.

இது வெறும் காகிதத்தில் நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் யார் எந்தப் பிரிவோ, அவர்களை அந்தப் பிரிவுக்குரிய விதிப்படி நடத்தியதற்குப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று இருந்தது. மெல்லக் கற்போருக்கு மெத்தை வைத்த நாற்காலி. ஒரு வார்த்தையில் பதில் வரும் கேள்விகள். பதிலுக்குப் பதினோரு வினாடி அவகாசம். பதினோரு மணிக்குச் சத்து பிஸ்கட் இரண்டு. சிறப்பாகக் கற்போருக்குக் கூடுதல் பயிற்சித்தாள் பன்னிரண்டு. ‘நாளைய உலகில் என் பொறுப்பு’ என்று ஒரு கட்டுரை. விளையாட்டு நேரம் ரத்து.

இரண்டே வாரத்தில் நிலைமை தலைகீழாகப் போனது. மெல்லவாக இருப்பதற்கு அடிதடி வந்தது. "நேத்துதானே நீ மெல்லயா இருந்த, இன்னைக்கும் மெத்தையில உட்கார்றியே," என்று தங்கை கேள்வியின் சட்டையைப் பிடித்தாள். சிறப்பு என்றால் எல்லாருக்கும் வயிற்று வலி. "டீச்சர், காய்ச்சல் மாதிரி இருக்கு," என்று கேள்வி வந்து நின்றால், அட்டவணையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், அன்று மத்தியானம் அவன் சிறப்பு.

உம்மணாமூஞ்சி மட்டும் எதற்கும் அசையவில்லை. அவனுக்கு அப்போது எழுதத் தெரிந்தது ஒரே ஓர் எழுத்து. தன்னுடைய சிறப்பு அரை நாளில், நாளைய உலகில் என் பொறுப்பு என்ற தலைப்பின் கீழ் ‘ம’ என்று எழுதிக் கொடுத்தான். டீச்சர் வேறு வழியில்லாமல் அதையே படம் பிடித்து அனுப்பினாள். மூன்றாம் நாள் மதிப்பீடு வந்தது. ‘சொற்சிக்கனம் பாராட்டுக்குரியது.’

ஒரு சாயங்காலம் ஆபரேட்டர் வந்தார். மோட்டார் பக்கத்திலேயே இருபது வருடம் இருந்தவர் என்பதால் காதோடு சொல்வதையும் கத்தித்தான் சொல்வார். கையில் கிரீஸ்.

"என் பெரியவளை மெல்லன்னு எழுதிட்டீங்களாமே டீச்சர்."

"புதன்கிழமை மட்டுந்தாங்க."

"புதன் மட்டுமா?"

"ஆமாங்க. சின்னவளுக்குத் திங்கள்."

அவர் அட்டவணை முன்னால் போய் நின்று விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்ததும் முகம் தெளிந்தது. "வாரத்துக்கு ஒரு நாள்தானா. நான் படிச்சப்ப எனக்கு ஒரு நாள்கூட லீவு கொடுக்கல," என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். அதாவது அடுத்த குடியிருப்புக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பெரியவ சிறப்புன்னு வெள்ளிக்கிழமை காலையில போட்டிருக்கே. வந்து பார்க்கலாமா?"

வெள்ளிக்கிழமை காலை அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். அக்கா பன்னிரண்டு பயிற்சித்தாளையும் அழுதுகொண்டே முடித்தாள். "சிறப்பா அழறா," என்று ஆபரேட்டர் மனைவியிடம் சொன்னது உள்ளே எல்லாருக்கும் கேட்டது.

அடுத்த மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம், மூன்று ஜீப்புகள் மலை ஏறி வந்தன. இயக்குநரே வந்திருந்தார். கூட எட்டு பேர். கடைசி ஜீப்பிலிருந்து மேற்பார்வையாளர் பையோடு இறங்கினார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"சொல்லாம கிளம்பிட்டாங்கம்மா," என்று டீச்சர் பக்கம் வந்து முணுமுணுத்தார். "எதுக்குன்னு எனக்கே சொல்லல. எதுவும் பேசாதீங்க. பேசினா திருத்திடறோம்னு சொல்லுங்க."

முதலில் பிள்ளைகளின் இடத்தைச் சரிபார்த்தார்கள். கையேட்டில் ‘குழந்தையை மையப்படுத்திய கல்வி’ என்று இருந்தது. இரண்டு அதிகாரிகள் டேப் பிடித்து அறையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து, தரையில் மையத்தைக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் புள்ளி வைத்தார்கள். நாலு குழந்தைகளும் மையத்தில் இருக்க வேண்டும், இருப்பதோ ஒரு புள்ளி. கடைசியில் நாலு பேரையும் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார வைத்து, எட்டுப் பாதங்களில் ஆளுக்கு ஒரு கட்டை விரலாவது புள்ளியைத் தொடுகிறதா என்று குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு இயக்குநர் உள்ளே வந்தார். வாசற்படியில் ஒரு கணம் நின்றார். முப்பது வருடத்தில் முதல் முறை அல்லவா. பிள்ளைகளை உற்றுப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் பக்கம் சாய்ந்தார்.

"இவ்வளவு சின்னதாகவா இருப்பார்கள்?"

"ஆமா சார்."

"அறிக்கைகளில் அப்படித் தெரியவில்லையே."

"திருத்திடறோம் சார்."

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு பிள்ளைகளின் பட்டைகளைப் பார்த்தார். அன்றன்றைய பிரிவின் பெயர் எழுதிச் சட்டையில் குத்திக்கொள்ளப் பெட்டியில் வந்த பட்டைகள். அக்கா நெஞ்சில் மெல்ல. அவளைப் பார்த்து, "ஆறேழு எவ்வளவு?" என்று கேட்டார்.

அக்காவுக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் புதன்கிழமை. விதியை மீறக் கூடாது என்று உதட்டுக்குள்ளேயே ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். ஒன்பது பெரிய மனிதர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பதினொன்று ஆனதும், "நாற்பத்திரண்டு," என்றாள்.

ஓர் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, "பதினோரு வினாடி சார். அப்பழுக்கில்லாத மெல்ல," என்றார்.

இயக்குநர் தலையசைத்துவிட்டு, சிறப்புப் பட்டை குத்தியிருந்த உம்மணாமூஞ்சியிடம் திரும்பினார். "கல்வி என்றால் என்ன?" என்று கேட்டார். உம்மணாமூஞ்சி அவரைப் பார்த்தான். அவர் அவனைப் பார்த்தார். அரை நிமிடம் போனது. இயக்குநர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "என் கேள்வி மேலோட்டமானது என்று உணர்த்திவிட்டான்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார்.

அத்தோடு போயிருக்கலாம். ஆனால் நடு பட்டை குத்திய கேள்வி அவ்வளவு நேரம் எதுவும் கேட்காமல் இருந்ததே பெரிய காரியம்.

"சார், நீங்க எந்தக் கிழமை மெல்ல?"

மேற்பார்வையாளர் பையைத் தரையில் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொல்கிறான்?" என்றார் இயக்குநர்.

டீச்சருக்கு இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. சுவரில் இருந்த அட்டவணையைக் காட்டினாள்.

"முறை வச்சிருக்கோம் சார். ஆளுக்கு ஒரு நாள் மெல்ல, அரை நாள் சிறப்பு. நாலு பேர்ல புள்ளி எட்டு வரணும்னு கேட்டீங்க. ஒரு பிள்ளையைப் பிடிச்சு, நீதான் மெல்லன்னு வருஷம் பூரா உட்கார வைக்க எனக்கு மனசு வரல. அவங்க எல்லாருமே சில நாள் நல்லாப் படிப்பாங்க, சில நாள் மண்டையில ஏறாது. அதனால இது பொய்னும் எனக்குத் தோணல. தப்புன்னா என்னை மாத்துங்க. பள்ளியை மூடிடாதீங்க."

இயக்குநர் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கைக்கணினியை வாங்கித் தட்டினார். தட்டத் தட்ட அவர் முகம் மாறியது.

"நான் ஏன் இவ்வளவு தூரம் வந்தேன் தெரியுமா?" என்றார். "கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பச்சை விளக்கு எரிந்துவிடுகிறது. ஆனால் நாட்டில் உள்ள பள்ளிகளில் ஒன்றுகூட விகிதத்துக்கு அச்சாக வரவில்லை. பத்து புள்ளி மூன்று என்கிறார்கள், பத்தொன்பது புள்ளி ஆறு என்கிறார்கள். ஒரே ஒரு பள்ளிதான் பத்து, எழுபது, இருபது என்று நூல் பிடித்த மாதிரி வந்தது. ஏமாற்று வேலை என்று நினைத்துத்தான் பிடிக்க வந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை நாளாக நாங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றபடி எண்களைச் சரிசெய்து கொண்டிருந்தோம். எண்களுக்கு ஏற்றபடி பிள்ளைகளைச் சரிசெய்யலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றியிருக்கிறது."

எட்டு பேரும் கைதட்டினார்கள். டீச்சருக்கும் கைதட்டுவதா என்று சந்தேகமாக இருந்தது. தட்டினாள்.

அவர் கேள்வி பக்கம் திரும்பினார். பெரிய மனது வந்துவிட்ட நேரம் அது. "இந்தக் குழந்தை கேட்டதில் நியாயம் இருக்கிறது. மாணவர்களுக்கு ஒரு சீர், நமக்கு ஒரு சீர் என்றால் அது எப்படி ஒரே சீர் ஆகும்? ஊழியர் அனைவருக்கும் இதை விரிவுபடுத்துங்கள்," என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு மாதத்துக்குள் நாடு முழுவதும் ‘சுழற்சிச் சீர்’ வந்துவிட்டது. ஆயிரத்து இருநூறு பேர் படிக்கிற கீழ் ஊர்ப் பள்ளியில் அட்டவணை மூன்று சுவருக்குப் போனது. மத்தியான மணி அடித்ததும் சிறப்பெல்லாம் நடுவாகவும் நடுவில் நூற்றிருபது பேர் சிறப்பாகவும் மாற வேண்டும் என்பதால், நாலு ஆசிரியர்கள் கூடை நிறையப் பட்டைகளோடு வராந்தாவில் ஓடினார்கள். அவர்கள் ஓடி முடிப்பதற்குள் வீட்டு மணி அடித்துவிடும். வேறொரு பள்ளியில் பொதுத்தேர்வு நாளன்று அட்டவணைப்படி ஒரு வகுப்பே மெல்லவாக அமைந்துவிட்டது. ஒவ்வொரு விடைக்கும் முன்னால் முப்பத்தெட்டுப் பேரும் பேனாவைக் கீழே வைத்துப் பதினோரு வினாடி காத்திருந்தார்கள்.

சுழற்சிச் சீரைக் கற்றுக்கொள்ள டீச்சரையும் மறுபடி பயிற்சிக்கு அழைத்தார்கள். மூன்று நாள் கேட்டாள். கடைசியில் தேர்வு வைத்தார்கள். தன் அட்டவணையைத் தன் சொந்த வார்த்தையில் எழுதினாள். நூற்றுக்கு முப்பத்தொன்று கிடைத்தது. ‘திட்டத்தின் ஆன்மா பிடிபடவில்லை’ என்று விடைத்தாளின் ஓரத்தில் எழுதியிருந்தது.

அவள் அதற்காக வருத்தப்படவில்லை. அவள் பள்ளியை மாதிரிப் பள்ளி என்று அறிவித்திருந்தார்கள். மாதிரிப் பள்ளியை எந்தப் பள்ளியோடும் இணைக்க முடியாதாம், இணைத்தால் மாதிரி போய்விடுமாம். உம்மணாமூஞ்சி வழக்கம்போல ஏழு மணிக்கு எழுந்தான். அது போதும் என்று இருந்தது அவளுக்கு.

பிறகு ஊழியர் ஆணை வந்தது. ஒவ்வொரு ஊழியரும் வாரத்தில் அரை நாள் சிறப்பு, மூன்றரை நாள் நடு, ஒரு நாள் மெல்ல. அவரவர் கிழமையை அவரவரே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பலாம். பிள்ளைகள் யாரும் மெல்லவாக இல்லாத கிழமை என்பதால் டீச்சர் வெள்ளியை எடுத்துக்கொண்டாள். ஆணையின் ஏழாவது பத்தியை மட்டும் இரண்டு தடவை படித்தாள். ‘மெல்ல நாளில் உள்ள ஊழியரிடம் படிவம், புள்ளிவிவரம், அறிக்கை ஆகியவற்றைக் கேட்டு அவரைக் கலங்கடிக்கக் கூடாது.’

முதல் வெள்ளிக்கிழமை காலை கைக்கணினியைத் துணியில் சுற்றி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள். பயிற்சித்தாளை எடுத்த தங்கையிடம், "அதை வை. எனக்கு இன்னைக்குப் புரியாது," என்றாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து பெரிய குழாயின்மேல் உட்கார்ந்தாள். உள்ளே தண்ணீர் ஓடுவது தொடையில் அதிர்ந்தது.

"தண்ணி கீழ்ப்பக்கம்தானே போகும், இது ஏன் டீச்சர் மேல போகுது?" என்றான் கேள்வி.

பதினைந்து நிமிடக் கணக்கு அன்று இல்லை. ஆபரேட்டரை வரவழைத்தாள். அவர் பழுதுக்குக் கழற்றி வைத்திருந்த சின்ன பம்ப் ஒன்றைத் தூக்கிவந்து, சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டிக் கத்தினார். ஒரு மீட்டர் ஏற்ற எவ்வளவு சக்தி, நூற்றைம்பது மீட்டர் ஏற்ற எவ்வளவு என்று அக்கா மண்ணில் பெருக்கிப் பார்த்தாள். தங்கை குழாயில் காதை வைத்துக்கொண்டு மோட்டார் எத்தனை ஓடுகிறது என்று சொன்னாள். மூன்று என்றாள், மூன்றுதான். உம்மணாமூஞ்சி பம்பையும் மலையையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ்வளவு தூரம் ஏறினா தண்ணிக்கு மூச்சு வாங்காதா?" என்றான்.

எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். காதில் விழாததால் ஆபரேட்டர், "என்னது?" என்று கத்தினார். அவன் திரும்பவும் சொன்னான். "வாங்கும்டா. அதனாலதான் நடுவுல ஒரு தொட்டி கட்டி வச்சிருக்கோம்," என்று ஆபரேட்டர் அவனைத் தூக்கித் தோளில் வைத்துத் தொட்டியைக் காட்டினார்.

அப்போதுதான் டீச்சரின் போன் அடித்தது. மேற்பார்வையாளர்.

"அவசரம்மா. சுழற்சிப் புள்ளிவிவரம், படிவம் பத்தொன்பது, நாலு மணிக்குள்ள வேணும்."

"இன்னைக்கு நான் மெல்ல, சார். ஏழாவது பத்தியைப் பாருங்க."

காகிதம் புரளும் சத்தம். "ஆமா, இருக்கு. ஆனா இயக்குநர் கேட்பாரே. அவருக்கு என்ன பதில் சொல்றது?"

"அவருக்கு எந்தக் கிழமை சார் மெல்ல?"

மறுபடியும் காகிதம் புரண்டது. "அவரு அஞ்சு நாளும் சிறப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரும்மா."

"அப்ப கஷ்டமே இல்ல. படிவத்தை அவர்கிட்டயே கொடுங்க. பன்னிரண்டு தாளா இருந்தாலும் முடிச்சிடுவாரு."

ஆபரேட்டரின் தோளிலிருந்து உம்மணாமூஞ்சி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஒருமுறை திறந்த வாய் மூடவில்லை.

"நீங்க எந்தக் கிழமை சார்?" என்றாள் டீச்சர்.

"நானா?" அவர் தயங்கினார். "எனக்கும் வெள்ளிதாம்மா."

"அப்ப நீங்க எதுக்கு சார் இன்னைக்கு போன் பண்றீங்க?"

மறுமுனையில் நாற்காலி பின்னால் நகர்கிற ஓசை கேட்டது. கனமான பை ஒன்று மேசைக்கு அடியில் தள்ளப்படுகிற மாதிரியும் கேட்டது.

"அதானே," என்றார் அவர்.